நல்ல பீஸாகப் பார்த்துக் கொடுத்தேன்

சோதனைக்கு அனுப்பும்போது நல்ல பீஸாகப் பார்த்து அனுப்ப வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். இரும்போடு இருபது வருடம் பழகியதில் வந்த நம்பிக்கை. பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன ஃபவுண்டரி. தண்ணீர் மோட்டாருக்கான வார்ப்புகள் ஊற்றுகிறோம். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு ஒரு துண்டு கேட்டால், அன்றைக்கு ஊற்றியதிலேயே குமிழி இல்லாத துண்டாகத் தேடி எடுத்து, துடைத்து, பேப்பரில் சுற்றி, ஒரு கும்பிடும் போட்டுக் கொடுப்போம். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது உடைந்த நாற்காலியைப் பின்கட்டில் தள்ளுகிற மாதிரிதான். யாரும் இதைத் தப்பென்று நினைப்பதில்லை.

என் பெருங்குடலில் இருந்து வெட்டி எடுத்த புற்றுக் கட்டியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டி வந்தபோதும் அப்படித்தான் செய்தேன். நல்ல பீஸாகப் பார்த்துக் கொடுத்தேன்.

அதைக் கண்டுபிடித்தது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி லேபில் வேலை பார்த்த அம்மா. அவர் பெயர் எனக்குத் தெரியாது. கழுத்தில் அட்டை தொங்கும். ஆனால் அது எப்போதும் முதுகைக் காட்டித் திரும்பியே இருக்கும். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி, மூக்குத்தி, காதில் செருகிய பென்சில். என்னை விட மூன்று நான்கு வயது மூத்தவராக இருந்திருப்பார், ஆனாலும் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊரில் அது வயதுக் கணக்கு அல்ல, நாக்கின் பழக்கம்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் என் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். கட்டியை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் வைத்திருப்பார்கள், அதற்கு ப்ளாக் என்று பெயர், அதை வாங்கிக்கொண்டு போய் இந்த லேபில் கொடுங்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"உங்கப்பா எதுல போனாரு?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"வயித்து வலின்னு சொன்னாங்க. நாப்பத்தெட்டு வயசுங்க."

"உங்களுக்கு இப்ப?"

"நாப்பத்தேழுங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு விளக்கினார். இது குடும்ப ரத்தத்திலேயே வருகிற வகையா என்று சந்தேகப்பட இடம் இருக்கிறதா, இல்லையா என்பதை இந்தச் சோதனை காட்டும். இருக்கிறது என்றால் கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் உடனே பார்க்க வேண்டும். எனக்கு ஒரே தங்கை, கோபியில் இருக்கிறாள். ஒரே மகள், காலேஜில் படிக்கிறாள். டாக்டர் சொன்ன மற்ற எதுவும் என் காதில் ஏறவில்லை.

ரெக்கார்டு ரூமில் ஒரு தம்பி தட்டில் எட்டு ப்ளாக்குகளை அடுக்கி வைத்தார். ஒவ்வொன்றும் தீப்பெட்டியை விடச் சின்னது, பிளாஸ்டிக் கூண்டுக்குள் வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. எந்தத் துணுக்கில் என்ன இருந்தது என்று கூடவே ஒரு காகிதம். ஏழு வரிகளில் படிக்கவே பயப்பட வைக்கிற வார்த்தைகள். எட்டாவது வரியில் மட்டும், வெட்டிய ஓரம், வியாதி இல்லை என்று எழுதியிருந்தது. துணுக்கும் பார்க்க லட்சணமாக இருந்தது.

"டாக்டரு இந்த எட்டாம் நம்பரைத்தானுங்க கேட்டாரு" என்றேன், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். சாப்பாட்டு நேரம். தம்பி கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

வெளியே சித்திரை வெயில். மெழுகாயிற்றே, உருகிவிட்டால்? வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த சாப்பாட்டுப் பையைத் திறந்து, தயிர்ச்சோற்று டப்பாவின் மேல் ப்ளாக்கை வைத்து, சுற்றி ஐஸ் கட்டி அடைத்து, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டு போனேன். லேபில் அந்த அம்மா பையைத் திறந்து பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இது அலமாரியில சும்மா கெடந்தாலே பல வருசம் இருக்குமுங்க. தயிர்ச்சோத்தை வேணா எடுத்து ஐஸ்ல வெச்சுக்கங்க, புளிச்சுப்போகும்."

நான்காம் நாள் போன் வந்தது. "லேபுல இருந்து பேசறனுங்க. சித்தெ வந்துட்டுப் போக முடியுங்களா?"

அந்த 'சித்தெ' என்ற சொல்லில் நான் செத்தேன். கொஞ்சம் வாருங்கள் என்று ஒரு லேப் ஏன் கூப்பிட வேண்டும்? ஃபவுண்டரி சாவியை சூப்பர்வைசர் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் பாத்துக்கப்பா" என்றேன். அவர் டீ குடிக்கப் போகிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார். வழியில் காரை ஓரம் கட்டி, தங்கைக்குப் போன் போட்டு, சின்ன வயதில் அவள் சைக்கிளை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அண்ணா, அதை உடைச்சது நானு. நீ அடி வாங்குன. ஏன், ஒடம்புக்கு என்ன பண்ணுது உனக்கு?"

"ஒண்ணுமில்ல அம்மணி. சும்மாதான்."

லேபில் நுழைந்ததும் அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க." மரியாதை கூடக்கூட நோயும் முற்றியிருக்கிறது என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போடுகிற ஊரில், மரியாதையை வைத்து ஆயுளை அளக்கப் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"நீங்க குடுத்த ப்ளாக்கை வெட்டி, சாயம் போட்டுப் பாத்தமுங்க. எங்க லேப் டாக்டரும் பாத்தாருங்க. அதுல வியாதியே இல்லீங்க."

நான் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். "மருதமலை முருகா! நெம்ப சந்தோசமுங்க. இருங்க, ஸ்வீட் வாங்கிட்டு வாரேன்."

"உக்காருங்ண்ணா. உங்களுக்கு இல்லைன்னு சொல்லலீங்க. இந்தப் பீஸுல இல்லீங்க."

"அதுதானுங்க. நல்ல பீஸாப் பாத்துக் குடுத்தேன்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். என்னை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பார்த்திருக்கிறார், மாமனார் பார்த்திருக்கிறார். யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"திருடன் பூந்த ஊட்டுக்காரரு போலீசைக் கூப்புட்டு, பக்கத்து ஊட்டைக் காட்டுவாருங்களா?"

ஃபவுண்டரி வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கேட்க நன்றாக இல்லை. அவர் சிரிக்கவில்லை; ஆனால் மூக்குத்தி லேசாக ஆடியது. பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "இதை மட்டும் சோதிச்சு அனுப்பியிருந்தா, எல்லாம் நல்லாருக்குதுன்னு காயிதம் வந்திருக்குமுங்க. நீங்களும் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பீங்க. உங்க தங்கச்சியை ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க."

தலையைக் குனிந்துகொண்டு, அந்த ப்ளாக்கைத் திருப்பி எடுத்துப் போகக் கையை நீட்டினேன்.

"அதைத் தொடாதீங்க. அதுவும் வேணுமுங்க. கெட்ட பீஸைக் கொண்டு வந்ததுக்கப்புறம் நானே இதைக் கேட்டிருப்பனுங்க. நல்லது பக்கத்துல இல்லாம கெட்டதைப் பாத்து எதுவும் சொல்ல முடியாது."

இதுதான் அந்த அம்மா. லேபிலும் வெளியிலும் அவருடைய குணம் இந்த ஒன்றுதான். எதையும் அதனுடைய பழைய நல்ல நிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். வேறு யாரோடும் எதோடும் ஒப்பிடவும் விடமாட்டார்.

கெட்ட பீஸைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு ரிசல்ட்டுக்காகப் பதினைந்து நாள் காத்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை ஏதாவது சாக்கில் லேப் பக்கம் போய்விடுவேன். அவரை அதிகம் பார்த்தது அந்த நாட்களில்தான்.

கீழே ஒரு டீக்கடை. ஒரு நாள் டீ கழுநீர் மாதிரி இருந்தது. அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, இன்னைக்கு என்ன ஆச்சு?" என்றார். கடைக்காரர், "எதிர்க்கடையில போய்க் குடிச்சுப் பாருங்க மேடம், என்னுது எவ்வளவோ தேவலை" என்றார். "எதிர்க்கடைக் கதை எனக்கு எதுக்குங்க? திங்கக்கிழமை நீங்க போட்ட டீயை நெனச்சுட்டு இதை ஒரு வாய் குடிங்க." கடைக்காரர் குடித்தார். இரண்டு டம்ளரையும் கொட்டிவிட்டு வேறு டீ போட்டார்.

அந்த அம்மா பட்டுக் கடைக்குப் போனால், பையிலிருந்து தன்னுடைய கல்யாணப் புடவையை எடுத்துக் கவுன்டரில் விரித்து, அதற்குப் பக்கத்தில் புதுப் புடவையை வைத்து நூலைப் பார்ப்பாராம். பட்டுக் கடைத் தெருவில் இரண்டு கடைகளில் அவரைப் பார்த்ததும் சேல்ஸ்மேன்கள் ஸ்டாக் ரூமுக்குள் போய்விடுவார்கள் என்று லேபில் இருந்த இன்னொரு அம்மா சொன்னார். "பொடவை எடுத்ததே இல்லீங்களா?" என்று கேட்டேன். "ஒரே ஒரு தடவை எடுத்தாங்க. அன்னைக்கு கடை மொதலாளியே ஆட்டோ வரைக்கும் வந்து வழியனுப்புனாருங்க."

காரியம் ஆகட்டும் என்று ஒரு வாரம் எங்கள் தோட்டத்து இளநீர் கொண்டு போய்க் கொடுத்தேன். மறுவாரமும் கொண்டு போனேன். குடித்துவிட்டு, "போன வாரத்தது இதை விட நல்லாருந்துச்சுங்க" என்றார். ரிசல்ட் பற்றி வாயைத் திறக்கவில்லை.

காத்திருக்கிற பெஞ்சில் சால்வை போர்த்திய ஒரு பெரியவர் எனக்குத் துணையாக வாய்த்தார். "உங்களுக்கு எந்த எடமுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அடடா. எங்க சகலைக்கும் அதே எடந்தானுங்க. தீவாளிக்கு வந்து நல்லாத் தின்னாரு. பொங்கலுக்கு ஆளு இல்லீங்க." நான் விரல் விட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்தேன். உள்ளே இருந்து அந்த அம்மா வந்தார்.

"ஏனுங்கய்யா, உங்க சகலையோட ப்ளாக் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லீங்களே அம்மணி."

"அப்ப அவரைப் பத்தி இங்க பேசாதீங்க. இவரோட கட்டிய இவரோட சதையோடதான் வெச்சுப் பாக்கறமுங்க. உங்க சகலைக்கு இங்க வேலையில்லை."

பெரியவர் அதன் பிறகு மழையைப் பற்றி மட்டுமே பேசினார்.

அன்றைக்குத்தான், அந்தச் சோதனை என்ன என்று அவரிடம் துணிந்து கேட்டேன். அவர் மெழுகை வெட்டுகிற கருவியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மெழுகு ரிப்பனாக இறங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாலாடை மாதிரி மிதந்தது. கண்ணாடித் தகடால் அதை அள்ளிக்கொண்டே சொன்னார்.

"ஒடம்புல ஒரு செல்லு ரெண்டா ஆகறப்ப, உள்ளார இருக்கற எழுத்தையெல்லாம் நகல் எடுக்குமுங்க. சில எடத்துல ஒரே எழுத்து இருவது முப்பது தடவை வரிசையா வரும். நகல் எடுக்கறப்ப அங்க கண்ணு வழுக்கும். ஒண்ணு கூடிப்போகும், ஒண்ணு கொறஞ்சுபோகும். அதைத் திருத்தறதுக்குன்னே ஒடம்புல ஆளுக இருக்குதுங்க. அவுங்க வேலை செஞ்சா வரிசை அப்பிடியே இருக்கும். செய்யலீன்னா கட்டியில வரிசையோட நீளம் மாறிக் கெடக்கும். உங்க நல்ல சதையில எத்தனை, கட்டியில எத்தனைன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறதுதானுங்க இது."

எனக்குச் சட்டென்று புரிந்தது. "அப்ப என் கட்டியில, தப்புப் பீஸைப் புடிக்கற லைன் இன்ஸ்பெக்டர் லீவா, இல்லையா?"

"லீவா, வேலைக்கே சேர்க்கலயான்னு அப்புறம் ரத்தத்துல பாக்கோணுமுங்க. கட்டியில மட்டும் லீவுன்னா உங்களோட போச்சு. பொறக்கறப்பவே சேர்க்கலீன்னா, அது குடும்பத்து விசயம்."

அதைச் சொல்லும்போது அவர் கைப்பிடியை நிறுத்தியிருந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் என் பயம் தறிகெட்டுப் போனது. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை எடை பார்த்தேன். சாப்பிட்ட பிறகு எடை கூடியிருப்பதைப் பார்த்துக் கட்டி வளர்கிறது என்றேன். நாக்கை நீட்டி செல்ஃபி எடுத்து வைத்தேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அவர் நாக்கையும் எடுத்து ஒப்பிட்டேன். மனிதர் மறுநாள் லீவு போட்டுவிட்டார். பொறுக்க முடியாமல் என் மனைவி கூடவே லேபுக்கு வந்து, அந்த அம்மாவிடம் என் போனைக் காட்டினாள். பதினாலு நாக்குப் படங்கள்.

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு, என் மனைவியிடம் கேட்டார்.

"இவரு இந்தச் சீக்கு வரதுக்கு முன்னாடி எப்பிடிங்க?"

"கல்யாணத்தன்னிக்கு ஐயரு பொகையில இருமுனாருங்க. ஐயருக்கு டிபி இருக்கும்னு மணவறையில மாலையைக் கழட்டி மூக்கைப் பொத்திக்கிட்டாரு."

"அப்ப இதுதானுங்க இவரோட நார்மல். பயப்படாதீங்க. இவரு பயப்படாம வந்தாருன்னா அன்னைக்குச் சொல்லுங்க, பாக்கலாம்."

இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் சால்வைப் பெரியவரும் கலந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று இரவு பதினைந்து நாளில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

ரிசல்ட் வந்தது. வரிசைகள் மாறிக் கிடந்தன. ஐந்து இடங்களைப் பார்த்ததில் ஐந்திலும் மாறியிருந்தது. என் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கட்டி பரவாத நிலையில் இப்படி வந்திருப்பதால் எனக்கு மருந்து ஏற்ற வேண்டியதில்லை, அடிக்கடி வந்து காட்டினால் போதும் என்றார். வாசலுக்கு வந்து நான் துள்ளியிருக்கலாம். துள்ளவில்லை. அடுத்து ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ரத்தம் கொடுத்தேன். சில வாரம் கழித்து அதுவும் வந்தது. திருத்துகிற ஆட்களில் ஒருத்தர் எனக்குப் பிறக்கும்போதே குறை. அப்பா கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். தங்கைக்கும் மகளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மகள் அடுத்த நாளே காலேஜிலிருந்து நேராக வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு இல்லை என்று பிறகு வந்தது. தங்கைதான் பிடி கொடுக்கவில்லை. கோபியிலிருந்து அவளைக் கூட்டி வருவதற்குள் நான் பட்ட பாட்டில் இன்னொரு கட்டியே வந்திருக்கும். லேப் மாடிப்படியில் பாதி ஏறியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நான் ஊசி போட மாட்டேன்ணா. எனக்கு என்ன? எங்க நாத்தனாரு எனக்கு ஆறு வயசு மூப்பு. இன்னும் மாட்டைப் புடிச்சுக் கட்டறா. அவளை விட நான் நல்லாத்தான் இருக்கறேன்."

"அம்மணி, சித்தெ நான் சொல்றதைக் கேளு."

"நீ கெடக்கற. உனக்கு வந்துபோச்சுன்னு ஊருக்கெல்லாம் வரோணுமா?"

மேலே இருந்து அந்த அம்மா இறங்கி வந்து, தங்கை நின்ற படிக்கு ஒரு படி கீழே போய் நின்றார்.

"உங்க நாத்தனாரு வேற ரத்தமுங்க. அவங்களை இதுல சேர்க்காதீங்க."

"பின்ன நீங்களும் எங்கண்ணனோடதானுங்க என்னை வெச்சுப் பாக்கறீங்க?"

"ஆமாங்க. நான் ஒருத்தரை இன்னொருத்தரோட வெச்சுப் பாக்கவே மாட்டனுங்க, உங்கண்ணனையே கேட்டுப் பாருங்க. இந்த ஒண்ணுல மட்டும் வேற வழியில்லீங்க. உங்க ரெண்டு பேருக்கும் எழுதுன கையி ஒண்ணு. அவருகிட்ட தப்பான எடம் எதுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட அந்த ஒரே ஒரு எடத்தைப் பாத்தாப் போதும். இல்லீன்னு வந்தா நீங்க ஆயுசுக்கும் இந்தப் படியை ஏற வேண்டியதில்லை."

"இருக்குதுன்னு வந்தா?"

பதில் சொல்வதற்கு முன்னால் அவர் எதையோ பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் மாதிரி நின்றார்.

"உங்கண்ணனுக்கு வந்ததுக்கப்புறம் கண்டுபுடிச்சோமுங்க. உங்களுக்கு வரதுக்கு முன்னாடி பாக்கறோம்."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரையும் என்னையும் அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறினாள். "ஊசி போடறவங்க கையி நடுங்காம இருக்கோணும், சொல்லிப்போட்டேன்" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

ஏழு வருடத்துக்கு முந்தைய கதை இது. அந்த அம்மா இப்போது அங்கே இல்லை. எங்கே போனார் என்று கேட்கலாம் என்றால் பெயர் தெரியாது.

தங்கைக்கு ரத்தத்தில் அதே குறை இருந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கடலைப்பருப்பு அளவில் ஒரு சதை மொட்டு இருந்தது. அன்றைக்கே அதை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். அது புற்றாக மாறியிருக்கவில்லை.